மொட்டைத் தலைக்கு ஒரு பக்கம்

மழை வந்து விழாவைக் கெடுக்கட்டும் என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மழை வராவிட்டால் போகட்டும், கரண்டாவது போகக்கூடாதா, மைக்காவது கெடக்கூடாதா என்று ஷாமியானா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற நாட்களில் திருப்பதியில் கரண்ட் போவதற்கு யாரும் வேண்டிக்கொள்ளத் தேவையில்லை. அன்றைக்கென்று பார்த்து விசிறி கூட ஒழுங்காகச் சுற்றியது.

என் மகள் படித்த பள்ளிக்கூட மைதானம் அது. சிறப்பு விருந்தினராக வந்த மண்டல அதிகாரிக்கு ரோஜா மாலை, எனக்கு ஒரு சால்வை. நான் படம் வரைந்த முதல் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தெலுங்கில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘நாமெல்லாரும் வேறு வேறு’ என்று வரும். பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, புத்தகத்தைப் படிக்காமல் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மை வாசனை எனக்கும் பிடிக்கும்.

இரண்டாம் வகுப்பு வரிசையில் என் மகள் சுகன்யா இருந்தாள். காது வரைக்கும் வளர்ந்திருந்த முடியில் இரண்டு கிளிப் மாட்டியிருந்தாள். ‘இந்தப் புஸ்தகத்துல நான் கீறேன்’ என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பொய் இல்லை, இருந்தாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக, விழுந்த முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது. ‘இவள் ராணி. இவளுக்கு உடம்பு சரியில்லை. மருந்து சாப்பிட்டதால் முடி கொட்டிவிட்டது. நாம் இவளிடம் அன்பாக இருப்போம்.’

அதை நான் கொஞ்ச நேரம் முன்னால்தான், தலைமையாசிரியை அறையில் பார்சலைப் பிரித்தபோது பார்த்தேன். சுகன்யா அந்த வரிகளை இன்னும் படிக்கவில்லை. மைக் முன்னால் ஒரு பெரிய வகுப்புப் பெண் நின்று ஒவ்வொரு பக்கமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒரே முகம், பல தெய்வம்

அந்தப் பெண் நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும். நாம் கொஞ்சம் பின்னால் போய் வரலாம்.

நான் பிள்ளைகளை வரைந்து பழகியவள் இல்லை, தெய்வங்களை வரைந்து பழகியவள். பிறந்தது நகரியில், பவர்லூம் சத்தத்துக்கு நடுவில். எங்கள் வீட்டில் ரகசியம் பேசினாலும் கத்தித்தான் பேசுவோம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தபின் சாமி படம் விற்கும் ஒரு ஃபிரேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடி போட்ட பெரிய படங்களைக் கையால் வரைந்து, கல் ஒட்டி, ஜிகினா வைத்துக் கொடுக்கவேண்டும்.

தொழிலில் ஒரு சுலப வழி உண்டு. அட்டையில் வெட்டி வைத்த முகம் ஒன்றே ஒன்றுதான். அதை வைத்து வரைந்து, கையில் புல்லாங்குழல் கொடுத்தால் கண்ணன், வில் கொடுத்தால் ராமன், வேல் கொடுத்தால் முருகன். மூக்குத்தி வைத்துத் தாமரையில் உட்கார வைத்தால் லட்சுமி. எந்தத் தெய்வமும் வந்து ‘இது என் மூக்கு இல்லை’ என்று சண்டை பிடித்தது கிடையாது. வாங்குகிறவர்களும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

ஊரெல்லாம் மாறிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத், மாடிக்கு மாடி கேபிள் ஒயர். பலமனேர் வழியாகப் போகிற பெங்களூர் பஸ்ஸில் ஆளுக்கொரு பையோடு இளவட்டங்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் முதலாளியும் சும்மா இருப்பாரா, ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ஏ.சி. ரூம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சட்டம் போட்டார். சாமியெல்லாம் வெளியே வெயிலில், கம்ப்யூட்டர் உள்ளே குளிரில்.

அந்த நாட்களில்தான் நந்திதா வந்தாள். வெளிநாட்டுப் பணத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஓர் அமைப்பு சித்தூரில் ஆபீஸ் திறந்திருந்தது, அதில் எடிட்டர். பெங்களூர்ப் பெண். கைத்தறிப் புடவை, தோளில் ஜோல்னா பை, வாயில் நாலு பாஷை.

“அக்கா, குழந்தைங்களுக்கு புக் வரைவீங்களா? எல்லா ஊர்க் குழந்தைங்களும் வரணும். ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லைன்னு குழந்தைங்களுக்குத் தெரியணும். அது நல்ல விஷயம்னும் தெரியணும்.”

“அதுக்கின்னா மேடம், எத்தினி ஊரு வேணும்னு சொல்லுங்க, வரைஞ்சிட்றேன்,” என்றேன்.

வரைந்தும் கொடுத்தேன். தலைப்பாகை வைத்தேன், பஞ்சாப். முக்காடு போட்டேன், காஷ்மீர். முதுகில் கூடை மாட்டினேன், அசாம். பட்டுப் பாவாடை கட்டினேன், தமிழ்நாடு. நந்திதா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இது எல்லாமே ஒரே குழந்தை.”

“டிரஸ்ஸைப் பாருங்க மேடம். வேற வேறதான் கீது.”

“நான் மூக்கைப் பாக்கறேன். எல்லாருக்கும் ஒரே மூக்கு. அப்புறம் எல்லாரும் ரோஸ் கலர். நீங்க என்ன கலர் அக்கா? நான் என்ன கலர்?”

இரண்டு பேரும் கையை நீட்டி மேஜைமேல் வைத்துப் பார்த்தோம். எங்கள் நிறம் என் பெயிண்ட் பெட்டியில் இல்லாமல் இல்லை. பெருமாளுக்கென்று கலக்கி வைத்திருந்த டப்பாவில் இருந்தது. அதைப் பிள்ளைகளுக்குத் தொடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

“மனசுல இருந்து வரையாதீங்க அக்கா. எல்லா ஊர் ஜனங்களும் வர்ற ஊர்ல இருக்கீங்க. போய்ப் பாத்து வரைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை அவருக்கு, முடி இவளுக்கு

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனிதர், தறி மெக்கானிக். தறி ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் அதிகமானதும் பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் டெம்பரவரியாகச் சேர்ந்தார். வேலை பர்மனென்ட் ஆனால் முடி காணிக்கை கொடுக்கிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். யார் முடி? மகள் முடி.

அவர் தலையில் கொடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் எண்ணெய் தடவி, இடது பக்கத்து முடியை வலது பக்கத்துக்கு இழுத்துச் சீவி, கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார். சுகன்யாவுக்கோ இடுப்பு வரைக்கும் முடி. “சாமிக்கு நல்லதைத்தான குடுக்கணும்?” என்று என்னைக் கேட்டார். நானும் தலையாட்டினேன். அவளை யாரும் கேட்கவில்லை.

வேலை அவருக்கு பர்மனென்ட் ஆனது. முடி இவளுக்குப் போனது.

திருப்பதியில் மொட்டை ஒரு அதிசயமா என்று கேட்பீர்கள். தெருவில் இல்லைதான். ஆனால் இவள் படித்தது புதிதாக முளைத்த இங்கிலீஷ் மீடியம். இரட்டைச் சடையும் கறுப்பு ரிப்பனும் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு தேச ஒற்றுமை டான்ஸ் வேறு. சுகன்யா காஷ்மீர்ப் பெண். ஒரு மாதமாக வீட்டில் பாய்மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தாள்.

மொட்டை போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போனால், தலையில் முக்காடு நிற்கவில்லை. பின் குத்த முடி வேண்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் காஷ்மீர் வழுக்கி விழுந்தது. டீச்சர் யோசித்துப் பார்த்து, கையில் ஒரு தடியும் மூக்கில் ஒரு கண்ணாடியும் கொடுத்து அவளைத் தேசத் தந்தை ஆக்கிவிட்டார். “பாகா ஸெட் ஆயிந்தம்மா, மேக்கப்பே அவசரம் லேது,” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நன்றாகப் பொருந்திவிட்டதாம், மேக்கப்பே தேவையில்லையாம். வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவள் தலையைத் தட்டிவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

“முடி மொளைச்சாதான் போவேன்,” என்றாள். முடி என்ன கீரைப் பாத்தியா, தண்ணீர் ஊற்றினால் நாலு நாளில் வருவதற்கு?

அலிபிரி

பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? அவளையும் இழுத்துக்கொண்டு அலிபிரிக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கும் பஸ்கள் அங்கேதான் நிற்கும். நந்திதா சொன்ன மாதிரி எல்லா ஊர் ஜனமும் வரும் இடம். அவள் வாங்கித் தந்த படம் வரையும் தாள்களை மடியில் வைத்து, உண்மையான பிள்ளைகளைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன்.

வந்தார்கள். சோலாப்பூர் வந்தது, கட்டக் வந்தது, ஹூப்ளி வந்தது, சேலம் வந்தது, பெயர் தெரியாத பீகார் கிராமம் ஒன்று முழுசாக வந்தது. எல்லாப் பிள்ளைகளும் மொட்டை. எல்லார் தலையிலும் சந்தனம். வெயிலில் தலைகள் பளபளவென்று இறங்கி வந்துகொண்டே இருந்தன.

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை என்பதுதான் வேடிக்கை. திருப்பதிக்காரிக்கு மொட்டை கண்ணிலேயே படாது. நான் மூக்கைப் பார்த்தேன். மேடம் மூக்குக்குத்தானே திட்டினாள்? சப்பை மூக்கு, கிளி மூக்கு, சளி ஒழுகும் மூக்கு, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் அத்தனையையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நிறத்துக்குப் பெருமாள் டப்பாவைத் திறந்து, தண்ணீர் கூட்டியும் குறைத்தும் கலந்தேன்.

சுகன்யா அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பன்னு துன்னுக்கினு இருந்தாள். யாருக்கும் யார் பாஷையும் தெரியாது. ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“அம்மா, இவங்கள்லாம் புஸ்தகத்துல வருவாங்களா?”

“வருவாங்க.”

“அப்ப நானு?”

“நீ இல்லாமயா?”

“மொட்டையோடவா?”

“மொட்டையோடதான்.”

“சத்தியமா?”

சத்தியம் செய்தேன். மறுநாள் அவளே யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரிப்பனைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். யாராவது தலையைத் தட்டினால், ‘இந்த மொட்டை புஸ்தகத்துல வரப்போவுது, ஒன் சடை வருமா?’ என்று கேட்டாளாம்.

மாம்பழ வாசனையில் ஒரு கூட்டம்

சித்தூருக்கு ரயிலில் போனேன். பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்று ஆற அமர மூச்சு விடும். நான் பெஞ்சில் உட்கார்ந்து சேலத்துப் பையனின் காதைத் திருத்தினேன்.

அமைப்பின் ஆபீஸ் மாடியில் இருந்தது. மாங்காய் சீசன். ஊரில் எங்கு பார்த்தாலும் மாம்பழக் கூழ் ஃபாக்டரி வாசனை, ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்கார்ந்தது. சுவரில் ‘வேறுபாடே அழகு’ என்று ஒரு போஸ்டர். அதன்கீழ், படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் குழு.

முதலில் நந்திதா புரட்டினாள். புரட்டப் புரட்ட முகம் மாறியது.

“அக்கா... இது எல்லாம் ஒரே குழந்தையா?”

“அய்ய, இன்னா மேடம்! இது சோலாப்பூரு. இது ஒரிசாப் பொண்ணு. இது சேலம். மொதல்ல மூக்கு ஒண்ணாக் கீதுன்னீங்க, தலை வேற வேற. இப்ப மூக்கு வேற வேற, தலைதான் ஒண்ணு.”

அவள் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “காது பாருங்களேன்! முடி இல்லாததால எல்லார் காதும் தெரியுது. அப்படியே போடலாம். இவ்வளவு வேற வேற முகம் நான் எந்த புக்லயும் பாத்ததில்லை,” என்றாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

குழுவுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை மனசைப் படித்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். “பிள்ளைகள்கிட்ட சம்மதம் வாங்கியா முடி எடுத்தாங்க? இது உரிமைப் பிரச்சினை,” என்றார். அந்த அடி எனக்கு நேராக விழுந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், “ஒரு மதத்தோட வழக்கத்தை மட்டும் காட்டின மாதிரி ஆயிடும்,” என்றார்.

“பாய் வீட்டுக் கொழந்தைக்கும் பொறந்த ஏழாம் நாளு மொட்டை போட்றாங்க சார்,” என்றேன்.

“அது வேற,” என்றார்.

வேறாக இருப்பதுதானே அழகு என்று அவர் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது. நான் போஸ்டரைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியில் முடிவானது இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முடி வைக்கவேண்டும். ஊருக்குத் தகுந்த மாதிரி, அடையாளம் தெரிகிற மாதிரி. சக்கர நாற்காலிப் பிள்ளை ஒன்று, கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று சேர்க்கவேண்டும். அதெல்லாம் சரி, வரைகிறேன் என்றேன். ஆனால் ஒரு தாளை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“இது எம் பொண்ணு. இவளுக்கு முடி வைக்கமாட்டேன். வைக்கத்தான் வேணும்னா எல்லாப் படத்தையும் குடுங்க, நான் ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன்.”

என் குரல் பவர்லூம் குரல் என்று சொன்னேன் அல்லவா. கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நந்திதா என் பக்கம் நின்று இங்கிலீஷில் ஏதோ சண்டை போட்டாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, “சரி, ஒரு மொட்டை இருக்கட்டும். வாசகங்களை நாங்க பாத்துக்கறோம்,” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, ஒரு டஜன் மாம்பழம் வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன்.

அடுத்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு முடி வளர்த்தேன். சோலாப்பூருக்குச் சுருட்டை, கட்டக்குக்குக் கொண்டை. ஏழுமலையானுக்குக் கொடுத்த காணிக்கையை இப்படித் திரும்ப வாங்கிக் கொடுத்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்பே சொன்னேனே, தெய்வங்கள் மூக்குக்கே சண்டை போட்டதில்லை.

புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் நந்திதாவை டெல்லிக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுபடியும் ஷாமியானா

மைக் முன்னால் இருந்த பெண் கடைசிக்கு முந்தின பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

நோய்ப்பட்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் இடம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ, அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்து வரை என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். அந்தப் பிள்ளைக்கும் அதன் முகமே கிடைத்திருக்கும். என் பெண்ணின் முகத்தை எடுத்து அதற்கு ஒட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. கையில் வேல் கொடுத்தால் முருகன், கீழே நாலு வரி கொடுத்தால் நோயாளி. நம் தொழில்தான், வேறென்ன.

“இவள் ராணி,” என்று பெண் வாசித்தாள். “இவளுக்கு உடம்பு சரியில்லை...”

மண்டல அதிகாரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். தலைமையாசிரியை புடவைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இரண்டாம் வகுப்பு வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகன்யாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. நான்தான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள். ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கால் முன்னால் வைத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் படத்தைப் பார்த்துக் கத்தினான்.

“கோவிந்தா!”

திருப்பதியில் ஒருவர் கோவிந்தா சொன்னால் அடுத்தவர் சும்மா இருக்கமுடியாது. மைதானம் முழுக்க எழுந்தது. “கோவிந்தா! கோ...விந்தா!” பிள்ளைகள் கத்த, ஆயாம்மாக்கள் கத்த, மைக் செட்காரர் கத்த, மண்டல அதிகாரி பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். எந்தப் பிள்ளைக்கும் அங்கே நோயாளி தெரியவில்லை. மலைக்குப் போய்விட்டு வந்த ஒரு பெண் தெரிந்தாள், அவ்வளவுதான்.

சத்தம் அடங்கியதும் சுகன்யா எழுந்து நின்றாள். குரல் என் குரல், அவளுக்கு மைக் எதற்கு?

“டீச்சர், தப்பாப் போட்டுக்கிறாங்க! அது நானு. எனக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. எங்க நைனாவுக்கு வேலை பர்மனென்ட் ஆச்சு, அதான்!”

என் சால்வை கீழே விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. தலைமையாசிரியை அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை பெங்களூர் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்பே சுகன்யா அந்தப் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள். நாலு வரியையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள்.

“பாத்தியா நைனா. வேண்டிக்கினது நீ, வேலை ஒனக்கு, சீக்காளி நானு.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. ஆள் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நின்றார். ஒரு கையில் லட்டுப் பை. பக்கத்துக்குப் பக்கம் இழுத்துச் சீவிக் காப்பாற்றி வந்த அந்தக் கொஞ்சமும் இல்லை. தலை முழுக்கச் சந்தனம். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

சுகன்யா அவரைக் கீழே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். அவள் சுற்றி வந்து, இரண்டு கையாலும் அந்தத் தலையை நிதானமாகத் தடவிப் பார்த்தாள்.

“இன்னா நைனா,” என்று கேட்டாள், “ஒடம்பு சரியில்லையா?”